வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை

அரசுப் பள்ளிக் கால அட்டவணையில் சில பாடவேளைகளைக் கேட்பாரில்லை. காலாண்டுத் தேர்வு நெருங்கினால் உடற்கல்வி வேளையைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வார். அடுத்து ஓவியம் போகும், பிறகு நூலகம். வெள்ளிக்கிழமை எட்டாவது பாடவேளையாக ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மன்ற வேளை, அரையாண்டுத் தேர்வுக்குள் அடையாளம் தெரியாமல் போய்விடும். அட்டவணைத் தாளில் மட்டும் ஆண்டு முழுக்க இருக்கும். அந்த நேரத்துக்கு வகுப்பறைக்குள் போய்ப் பார்த்தால் இயற்பியல் ஆசிரியர் போன ஆண்டு வினாத்தாளை நடத்திக்கொண்டிருப்பார். யாரும் முறையிடுவதில்லை. பெற்றோருக்கு அதில் மகிழ்ச்சிதான்.

நான் வடமாவட்டச் சிற்றூர் ஒன்றின் அரசு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறேன். நாட்டு நலப்பணித் திட்டத்தின் திட்ட அலுவலராகச் சில ஆண்டுகள் இருந்தேன். குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் வழிகாட்டி ஆசிரியராக இன்றும் இருக்கிறேன். பாடத்தில் எனக்கு ஈடுபாடு உண்டு. ஒளிச்சேர்க்கையை நடத்தும்போது எனக்கே உடம்பு சிலிர்க்கும். இருந்தும், ஒரு பிள்ளை எப்படிப்பட்டவள் என்பதை வகுப்பறையில் தெரிந்துகொண்டதைவிட மன்றங்களில்தான் அதிகம் தெரிந்துகொண்டேன். அதனால்தான் அந்த ஒற்றைப் பாடவேளைக்காக ஒவ்வோர் ஆண்டும் ஆசிரியர் கூட்டத்தில் வாதாடுகிறேன். இந்தக் கட்டுரையும் அந்த வாதத்தின் ஒரு பகுதிதான்.

முதலில் இலக்கிய மன்றம். எங்கள் பள்ளியில் அது தமிழ் ஐயாவின் ஆட்சி. நிகழ்ச்சி நிரலைக் கரும்பலகையில் வண்ணச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருப்பார்கள்: தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, உரைவீச்சு, கவிதை, பாட்டு, நன்றியுரை, நாட்டுப்பண். இந்த வரிசை ஏதோ சடங்குபோலத் தெரியும். நம் ஊர்களில் சங்கம் வைத்துப் பேசிய ஒரு நீண்ட மரபு இதற்குப் பின்னால் இருக்கிறது. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டார். 1911-இல் தஞ்சைக்கு அருகே கரந்தைத் தமிழ்ச் சங்கம் வந்தது. அதன் பிறகு தெருவுக்குத் தெரு படிப்பகமும் மன்றமும் முளைத்த காலம் ஒன்று இருந்தது. கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது எப்படி, மாற்றுக் கருத்துள்ளவரை மரியாதையோடு மறுப்பது எப்படி, குறித்த நேரத்துக்குள் பேசி முடிப்பது எப்படி என்பதையெல்லாம் சாதாரண மனிதர்கள் அங்கேதான் பழகினார்கள். பதினான்கு வயதுப் பிள்ளை ஒருத்தி எழுந்து நின்று "அவைத்தலைவர் அவர்களே" என்று தொடங்கும்போது, அந்தப் பழக்கம் அவள் கைக்கு வருகிறது.

தமிழ் ஐயாவிடம் ஒரு விதி உண்டு. வகுப்பில் எல்லோரும் ஒருமுறை மேடையேறி முடிக்கும்வரை எவரும் இரண்டாம் முறை ஏறக்கூடாது. இந்த விதிக்காக அவர் நிறையப் பேச்சு வாங்கியிருக்கிறார். மாவட்டப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய மாணவன் சும்மா உட்கார்ந்திருக்க, திக்கித் திணறுகிறவனை ஏற்றி நேரத்தை வீணாக்குகிறாரே என்று சக ஆசிரியர்களே கேட்டதுண்டு. "பரிசு வாங்கியவனுக்கு மேடை பழகிவிட்டது. பழகாதவனுக்குத்தானே மேடை வேண்டும்?" என்பார். வேறு விளக்கம் சொல்ல மாட்டார்.

அந்த விதியால் ஒருநாள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு நன்றியுரை வந்தது. வருகைப் பதிவின்போது "உள்ளேன்" என்று சொல்வதைக்கூட முணுமுணுப்பாகச் சொல்லும் பிள்ளை. நான்காக மடித்த தாளைப் பிரித்துப் பிடித்தபடி நின்றாள். தாள் ஆடியது, அதை அடக்க இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்ததில் ஓரம் கிழிந்தது. தலைமையாசிரியருக்கு நன்றி, பொறுப்பாசிரியருக்கு நன்றி, பேசியவர்களுக்கு நன்றி என்று எழுதிவைத்திருந்ததை ஒரே மூச்சில் படித்து முடித்தாள். உட்காரப் போனவள் நின்றாள். தாளில் இல்லாத ஒன்றைச் சொன்னாள்: பெஞ்சுகளையெல்லாம் மாடியிலிருந்து தூக்கிவந்து போட்ட, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பையனின் பெயரைச் சொல்லி அவனுக்கும் நன்றி என்றாள். கூட்டம் அவன் பக்கம் திரும்பியது. அவனுக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை. அவனை அதற்கு முன் பள்ளி மேடையிலிருந்து யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை, தண்டனைக்குத் தவிர.

கூட்டம் முடிந்ததும் தமிழ் ஐயா அவளிடம், "இதை யாரம்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். "யாரும் இல்லை ஐயா. அவன்தானே தூக்கினான்?" என்றாள். எந்தத் தேர்வில் இதற்கு மதிப்பெண் போடுவது? ஆனால் நான் பார்த்த மிக நல்ல உரைகளில் அதுவும் ஒன்று.

இனி, அறிவியல் மாநாட்டுக்காகக் கிணறு அளந்த கதை. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-இலிருந்து நடக்கிறது. 10 முதல் 17 வயதுள்ள பிள்ளைகள் தங்கள் ஊரிலேயே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, சில மாதங்கள் நேரடியாக ஆராய்ந்து, அறிக்கை எழுதி, மாவட்டம், மாநிலம், தேசியம் எனப் படிப்படியாக நடுவர்கள் முன் வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்து சேர்த்ததில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கடையில் வாங்கிய தெர்மக்கோல் மாதிரிவடிவம் இங்கே செல்லாது. சொந்தமாக அளந்தது வேண்டும், எண்ணியது வேண்டும், நாள் குறித்து எழுதிய குறிப்பேடு வேண்டும். தாய்மொழியிலேயே சொல்லலாம் என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய கதவைத் திறந்துவிட்டது.

ஒரு பருவத்தில் எங்கள் குழு ஏரியைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை எடுத்துக்கொண்டது. குழுவுக்கு நன்றாகப் படிக்கும் மூவர் தாமாக வந்தார்கள். நான்காவதாக ஒருவனை நானே கூப்பிட்டேன். எட்டாம் வகுப்பு, பாடப் புத்தகத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். ஆனால் அவன் அப்பா தூர் வாரும் வேலைக்குப் போகிறவர். ஊரில் எந்தக் கிணறு யாருடையது, எதில் படி உண்டு, எதில் பாம்பு உண்டு என்பது அவனுக்குத் தெரியும். மற்ற மூவரும் ஊர்க்காரர்கள்தான், ஆனாலும் ஏரியின் மதகையும் கலங்கலையும் அவன் காட்டித்தான் அருகில் போய்ப் பார்த்தார்கள்.

அளப்பதற்குக் கருவி எதுவும் இல்லை. தேங்காய் நார்க் கயிற்றில் கல்லைக் கட்டலாம் என்றார்கள் மற்றவர்கள். நார்க்கயிறு நனைந்தால் அளவு மாறும், நைலான் கயிறு வேண்டும் என்றான் அவன். கால் மீட்டருக்கு ஒரு முடிச்சு, மீட்டருக்கு ஒரு சிவப்புத் துணி. கல் தண்ணீரைத் தொடும் சத்தத்தைக் கேட்க, கைப்பிடிச் சுவரில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு காதைக் கொடுப்பான். (பக்கத்தில் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை.) "தொட்டது டீச்சர்" என்பான், ஒருத்தி முடிச்சை எண்ணுவாள், இன்னொருத்தி எழுதுவாள். பெரியவர்கள் கிணற்று ஆழத்தைக் கஜத்தில் சொல்வார்கள். பிள்ளைகள் அதை மீட்டருக்கு மாற்றிக் குறித்துக்கொள்வார்கள். ஒரு பாட்டி, "பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து வருகிறீர்களா? தெருக்குழாயைப் பற்றி எழுதிக்கொள்ளுங்கள்" என்று விடாமல் நின்றார். அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிய பிறகு கரைக்குக் கீழே இருந்த கிணறுகளில் மட்டம் விறுவிறுவென ஏறியது. ஏரியிலிருந்து விலகிய கிணறுகள் நிதானமாக ஏறின. ஆழ்துளைக் கிணற்றுக்கு அருகிலிருந்த திறந்த கிணறுகள் மட்டும் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. புத்தகத்தில் நிலத்தடி நீர் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. அதை இந்த நால்வரும் கயிற்றில் தொட்டுப் பார்த்துவிட்டார்கள். வரைபடத் தாளில் மூன்று கோடுகளும் பிரிந்து போவதைப் பார்த்தபோது அந்தப் பையன், "அப்படியென்றால் எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பக்கத்து போர்வெல் இழுக்கிறதா டீச்சர்?" என்று கேட்டான். இருக்கலாம் என்றேன், உறுதியாகச் சொல்ல இன்னும் என்னென்ன அளக்க வேண்டும் என்று உட்கார்ந்து பட்டியல் போட்டோம். அறிவியல் தொடங்கும் இடம் அதுதான்.

மாவட்ட மாநாட்டில் ஒரு நடுவர், முடிச்சுக் கயிற்றை எப்படி நம்புவது என்று கேட்டார். ஒவ்வொரு கிணற்றையும் ஒரே நாளில் இருமுறை அளந்ததையும், இரண்டு அளவும் ஒரு முடிச்சுக்கு மேல் வேறுபட்டால் மூன்றாம் முறை அளந்ததையும் அவன் சொன்னான். எழுதி மனப்பாடம் செய்ததில்லை, செய்ததைச் சொன்னான். எங்கள் குழு மாநில அளவுக்குத் தேர்வாகவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில் அதற்காக மூன்று பேர் அழுதார்கள். அவன் அழவில்லை. அடுத்த கோடையிலும் அளந்தால்தான் முழு ஆண்டுக் கணக்கு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்தான். அளந்தோம்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு கவலை. சில ஆண்டுகளாகப் பள்ளிக்கல்வித் துறை பாடத்துக்கு வெளியே உள்ளவற்றில் காட்டும் அக்கறை உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. 2022-23 கல்வியாண்டில் கலைத்திருவிழா வந்தது: பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள், மாநில அளவில் வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி விருதுகள். 2022 நவம்பரில் திருச்சியை ஒட்டிய காட்டூரில் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளிடம் கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களோடு வந்து அறிவியலும் கணிதமும் செய்துகாட்டுகிறார்கள். 2024-இல் மகிழ் முற்றம் என்ற பெயரில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று மாணவர் குழுக்கள் அமைந்தன. எங்கள் பள்ளி மேடையில் பறை ஒலித்த நாள் எனக்கு மறக்காது. தெருவில் அதை வாசிக்கும் வீட்டுப் பிள்ளைகள், பள்ளிக்குள் அதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தவர்கள், அன்று சீருடையோடு மேடையில் நின்று வாசித்தார்கள். கீழே அவர்களுடைய அப்பாக்கள் நின்றிருந்தார்கள். கலைத்திருவிழா வேறெதுவும் செய்யாமல் இதை மட்டும் செய்திருந்தாலே எனக்குப் போதும்.

ஆனால் போட்டியும் மன்றமும் ஒன்றல்ல. போட்டி, ஏற்கெனவே ஆடத் தெரிந்த பிள்ளையைத் தேடி எடுக்கிறது. தனியாக நடனம் கற்கும் வசதியுள்ள பிள்ளை, வீட்டில் கீபோர்டு இருக்கும் பிள்ளை, முந்தைய ஆண்டு பரிசு வாங்கிய பிள்ளை. பள்ளிக்குப் பெயர் வாங்கித் தரவேண்டிய நெருக்கடியில் ஆசிரியரும் அதே நான்கைந்து பேரைத்தான் எல்லாவற்றுக்கும் அனுப்புவார். நானும் அந்த நெருக்கடியை அறிவேன், யாரையும் குறை சொல்லவில்லை. மீதி நானூறு பேர் கைதட்டுகிறார்கள். மன்றத்தில் அந்த நானூறு பேருக்கும் வேலை இருக்கிறது. பேசத் தெரியாதவள் நன்றி சொல்லலாம், பாடத் தெரியாதவன் நிரல் எழுதலாம், படிக்கச் சிரமப்படுகிறவன் கயிற்றில் முடிச்சுப் போடலாம். வாரந்தோறும் நடக்கும் ஒன்றில்தான் ஒருவன் தன் முறைக்காகக் காத்திருக்கவும், மற்றவன் முறையைப் பொறுத்துக்கொள்ளவும் பழகுவான். விழா முடிந்த மறுநாள் பந்தலைப் பிரித்துவிடுகிறோம். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் என்ன நடக்கிறது என்பதை யார் கேட்கிறார்கள்?

நாட்டு நலப்பணித் திட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம், பிறகு மேல்நிலை வகுப்புகளுக்கும் வந்தது. "எனக்காக அல்ல, உனக்காக" என்பது அதன் முழக்கம். ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். பக்கத்துக் கிராமம் ஒன்றின் தொடக்கப் பள்ளியில் தங்கி, சீமைக் கருவேலத்தை வெட்டுவது, வாய்க்காலைத் தூர் வாருவது, கண் சிகிச்சை முகாமுக்கு முதியவர்களைக் கைப்பிடித்து அழைத்துவருவது என்று நாள் போகும். முகாம் எடுப்பதற்கு முன் என் பெரிய வேலை, பிள்ளைகளின் வீட்டுக்குப் போவதுதான். ஆண்பிள்ளைகளுக்குக் கையெழுத்து உடனே வந்துவிடும். "பெண்பிள்ளையை ராத்திரி வெளியே தங்க வைப்பதா டீச்சர்?" என்று தகப்பனார்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியை நான் தப்பாக நினைத்ததில்லை. அவர்கள் பயம் அவர்களுக்கு. நானும் அங்கேதான் தூங்குவேன், கதவுக்கு உட்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது, கழிவறை இந்த இடத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். ஒரு தகப்பனார் பஸ் ஏறி வந்து அந்தப் பள்ளிக் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். போட்டவர், ஐந்தாம் நாள் ஒரு தூக்குவாளி நிறையச் சுண்டலோடு வந்து நின்றார்.

அந்த முகாம்களில் சாதி பார்த்து உட்காரும் பழக்கத்தோடு வந்த பிள்ளைகள் ஒரே அண்டாவிலிருந்து பரிமாறிக்கொண்டு சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஊர் திரும்பியதும் சிலர் பழையபடி ஆனதையும் பார்த்தேன். ஆனால் ஏழு நாள் அப்படி இருக்க முடிந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

என்.சி.சி. என்னும் தேசிய மாணவர் படை எங்கள் பள்ளிக்குக் கிடைக்கவில்லை; பக்கத்து ஊர்ப் பள்ளியில் உண்டு. சனிக்கிழமை அணிவகுப்பு முடிந்து, பெல்ட்டின் பித்தளைக் கொக்கியை பிராஸோ போட்டுத் தேய்த்தபடி அந்தப் பையன்கள் சிற்றுண்டிக்காக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் ஏங்குவார்கள். 1948 முதல் இருக்கும் அமைப்பு; விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறோம்.

இனிப் பொதுத்தேர்வு. பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் மன்றம் இல்லை. காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு, சனிக்கிழமை தேர்வு. 2017-18-இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தபோது, இருந்த ஒரு மூச்சுவிடும் ஆண்டும் போனது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே பன்னிரண்டுக்குத் தாவிய பள்ளிகளைக் கட்டுப்படுத்த அது தேவைப்பட்டது என்பதை ஏற்கிறேன். ஆனால் அதன் விலையை எங்கள் முகாம்களும் மன்றங்களும் கொடுத்தன. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை நீக்கச் சொன்னது. அப்படித் திரும்பிவரும் நேரத்தை மறுபடியும் நீட் பயிற்சிக்கும் வினாத்தாளுக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஒரு பிள்ளைக்குச் சொந்தக் கருத்து முளைப்பது பதினைந்து, பதினாறு வயதில். சரியாக அந்த வயதில்தான் நாம் மேடையை மூடுகிறோம்.

"இதற்கெல்லாம் என்ன சான்றிதழ் கிடைக்கும்? மார்க் குறையாதா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கூலி வேலைக்குப் போய்ப் படிக்க வைக்கிறவர்களுக்கு மார்க் என்பது வெறும் எண் அல்ல, வீட்டின் அடுத்த இருபது ஆண்டு. அவர்களிடம் நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்: மன்றத்துக்கு வந்ததால் படிப்பில் பின்தங்கிய பிள்ளையை நான் பார்த்ததில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்க எழுந்து நிற்கும் பிள்ளைகள் பெரும்பாலும் மேடையில் ஒருமுறையாவது நின்றவர்கள். நன்றியுரை சொன்ன அந்தப் பெண் இப்போது என் வகுப்பில் இருக்கிறாள். குரல் இன்னும் சிறியதுதான். ஆனால் நான் வேகமாக நடத்தினால், "மிஸ், இதைத் திரும்பச் சொல்லுங்கள், பின்னால் யாருக்கும் புரியவில்லை" என்று எழுந்து சொல்கிறாள். தனக்குப் புரியவில்லை என்று மட்டும் சொல்வதில்லை, பின்னால் இருக்கிறவர்களையும் சேர்த்துக்கொள்கிறாள்.

செலவு அதிகம் ஆகாது. கயிறு, சுண்ணாம்புக் கட்டி, ஒரு குறிப்பேடு போதும். தேவைப்படுவது ஆசிரியரின் நேரம். அதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பொறுப்பாசிரியர் என்ற பொறுப்பு, முழுப் பாடச்சுமைக்கு மேலே இன்னொரு சுமையாகத்தான் வருகிறது. தமிழ் ஐயா ஓய்வு பெற இன்னும் ஓராண்டுதான் இருக்கிறது. அவருக்குப் பிறகு யார் என்று கேட்டால் ஆசிரியர் அறையில் எல்லோரும் விடைத்தாள் கட்டைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு பொறுப்பாசிரியருக்கும் வாரத்துக்கு இரண்டு பாடவேளை குறைத்துக் கொடுங்கள், வெள்ளிக்கிழமை எட்டாவது பாடவேளையை எந்தப் பாடத்துக்கும் மாற்றக்கூடாது என்று தலைமையாசிரியரே கையெழுத்திட்டு அட்டவணையில் எழுதுங்கள், பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் சேர்த்து. வரும் ஜூன் மாத ஆசிரியர் கூட்டத்தில் இதை எழுத்துப்பூர்வமாக வைக்கப்போகிறேன். தமிழ் ஐயாவும் கையெழுத்திடுவதாகச் சொல்லியிருக்கிறார். உடற்கல்வி ஆசிரியர், தன் பாடவேளையையும் அந்தப் பட்டியலில் சேர்த்தால் தானும் கையெழுத்திடுவேன் என்கிறார். சேர்த்துவிட்டேன்.